கடம்பத்தூர்க்காரரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் இருந்தது. அண்ணா என்றால் அத்தைக்கு அவர் மருமகன் முறையாகிவிடுவார். அது ஆகவே ஆகாது. மாமா என்றால் அத்தையோடு கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி. அது அப்பாவுக்கு ஆகாது. கடைசியில் அம்மாதான் யோசித்து, "சார்னு கூப்டுடி" என்றாள். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் இவருக்கும் என் வாயில் ஒரே மரியாதையாகிப் போனது.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அப்பாவை அண்ணா என்றும் சொன்னதில்லை, மச்சான் என்றும் சொன்னதில்லை. "இருக்கீங்களா", "சரிங்க", "வரட்டுங்களா" என்று ஒரு 'ங்க'வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார். அவர் இல்லாத நேரங்களில் எங்கள் வீட்டில் அவருக்குக் கடம்பத்தூர்க்காரர் என்று பெயர்.

நாங்கள் கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தோம். தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் எல்லாருமே நெல் வயலில் கூலிக்குப் போனவர்கள். அப்பா காலத்தில் அதே ஆட்கள் ஷிப்டு கணக்கில் கம்பெனிகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில், உலைக்குப் பக்கத்தில் வேலை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், காய்ந்த வியர்வையின் உப்பு முதுகுப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளை வளர்த்தது அப்பாதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வந்த எலக்ட்ரீஷியன்தான் கடம்பத்தூர்க்காரர். கான்ட்ராக்ட் முடிந்ததும் அவர் தன் ஊர்ப் பக்கமே, எங்கள் ஊருக்குச் சென்னையில் ரயில் மாறி வரவேண்டிய தூரத்தில், திருவள்ளூரை ஒட்டி வேறு வேலைக்குப் போய்விட்டார். போனாலும் போகவில்லை என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

அத்தை விஷயத்தை மறைக்கவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நேராகவே சொன்னாள்: "கட்னா அவரத்தாண்ணா கட்டுவேன். ஆனா நீ சரின்னு சொன்னாத்தான் கட்டுவேன்."

முதல் வாக்கியம் அப்பாவுக்குக் கோபத்தைக் கொடுத்தது. இரண்டாவது, அந்தக் கோபத்தைக் காட்டவிடாமல் செய்துவிட்டது. அவர் தட்டைத் தள்ளி வைக்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆளைப் பற்றி அப்பாவுக்குக் குறையில்லை. அவர்கள் வீடும் எங்களைப் போலவே வயல் கூலியிலிருந்து கம்பெனிக்கு வந்த வீடுதான். சாமிதான் வேறு. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் ஆடியில் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். நாளைக்குச் சொந்தக்காரர்கள் நடுவில் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா என்பதுதான் அப்பாவின் கவலை. அந்தச் சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தே வெகுகாலம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூர்க்காரர் தாமே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று, விஷயத்தைச் சொன்னார். அப்பா, "இது ஆவாதுப்பா" என்றார். அவர் "சரிங்க" என்றார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார். அப்பா மறுபடியும் ஆகாது என்றார். அவர் மறுபடியும் சரி என்றார், மறுபடியும் டீ குடித்தார். மாங்காய்க் காலத்தில் தொடங்கிய இது மழைக்காலம் வரை நடந்தது.

அவர் கெஞ்சியதுமில்லை, வாதாடியதுமில்லை. ஒருமுறை கொய்யாப்பழம் வாங்கி வந்தார்; அப்பா தொடவில்லை என்றதும் அடுத்த வாரத்திலிருந்து வெறுங்கையோடு வந்தார். எங்கள் கூடத்து மின்விசிறி கீச்சுக் கீச்சென்று கத்தும். ஓர் எலக்ட்ரீஷியன் அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்காத மாதிரி இருப்பது எவ்வளவு சிரமம் என்று அவர் முகத்தில் தெரியும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஸ்டூலைப் பார்த்தார். "அது அப்டியே இருக்கட்டும்" என்றார் அப்பா. அதற்கும் ஒரு "சரிங்க"தான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது. நான் அப்போது ஆறாவது. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் திங்கட்கிழமைதோறும் காலைப் பிரேயரில் ஒரு பிள்ளையை மேடையேற்றி, ஒரு புதிய ஆங்கிலச் சொல்லை, அர்த்தத்தோடும் அதை வைத்து ஒரு சொந்த வாக்கியத்தோடும் சொல்ல வைப்பார். என் முறைக்கு டீச்சர் கொடுத்த சொல் டாகெட்லி. முன்னால் பேசிய பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்லோலி, ஹேப்பிலி என்று சுலபமாக வந்திருந்தது. அர்த்தத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்பா சொல்லை இரண்டாக உடைத்துப் பார்த்தார். "டாக்னா நாயி. அது தெரிஞ்சதுதான். அந்த எட்லிதான் இன்னான்னு தெரில." அம்மா, நாய்க்குட்டியாக இருக்கும் என்றாள். பட்டன் போன் காலம் அது. தட்டிப் பார்க்க எங்களிடம் எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கடம்பத்தூர்க்காரரைக் கேட்டேன். தெரியவில்லை என்று அவர் நேர்மையாகவே சொன்னார். அடுத்த வாரத்துக்குள் அவர்கள் கோயில் ஃபாதரிடம் கேட்டு வருவதாகவும் சொன்னார். அடுத்த வாரமும் வருவேன் என்று அப்பாவின் காதுபட அறிவிக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வரவில்லை. அவருடைய அம்மாவையும் அழைத்து வந்தார்.

அந்த அம்மாள் திருவள்ளூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவையோடு இருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில், ரயில் வந்துவிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பவரைப் போல உட்கார்ந்தார். மகன் தொல்லை தாங்காமல் வந்திருந்தாரே தவிர, இந்தச் சம்பந்தத்தில் அவருக்கும் விருப்பமில்லை. அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. அப்பா எதிரே உட்கார்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இறால் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

எனக்கு என் கவலை. கடம்பத்தூர்க்காரரின் சட்டையை இழுத்து, "சார், அந்த வார்த்த?" என்றேன். அவர் குனிந்து என் காதில் சொன்னார். "விடாப்பிடியான்னு அர்த்தமாம். எத்தினி வாட்டி முடியாதுன்னாலும் உடாம செய்யறது. நல்ல வார்த்ததான்னு ஃபாதர் சொன்னாரு."

விடாப்பிடியாக. எனக்குச் சட்டென்று வாக்கியம் வந்துவிட்டது. இவ்வளவு பொருத்தமான வாக்கியம் எந்தப் பிள்ளைக்கும் வந்திருக்காது என்று பெருமையாக இருந்தது. அதே நேரம் அந்த அம்மாளுக்கும் மௌனம் தாங்கவில்லை போலும். பெரியவர்களுக்குப் பேச எதுவும் கிடைக்காதபோது வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, இன்னா படிக்கிற என்று கேட்டு, "எங்க, இங்கிலீஷ்ல ஏதாச்சும் ஒண்ணு சொல்லு பாக்கலாம்" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, பிரேயரில் நிற்பது போல நிமிர்ந்து நின்று, உரக்கச் சொன்னேன்: "யுவர் சன் கம்ஸ் டு அவர் ஹவுஸ் டாகெட்லி."

நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவர் அவர். சன் தெரியும், ஹவுஸ் தெரியும், டாக் நன்றாகவே தெரியும். அவர் முகம் மாறியது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எம் புள்ள உங்க ஊட்டுக்கு நாய் மாதிரி வந்துக்கினு இருக்கானா?"

கடம்பத்தூர்க்காரர் பதறிப் போய், அர்த்தம் அதில்லை, ஃபாதரே சொன்னார் என்று என்னென்னவோ சொன்னார். "நீ சும்மா இரு. உனக்கு நாயின்னு சொன்னாக்கூட இனிக்கும்" என்றார் அந்த அம்மாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "கொயந்தய ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊட்டுல பேசறதத்தான் கொயந்த சொல்லும். பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா குடுக்காதீங்க. அதுக்காவ எம் புள்ளய நாயின்னு பேசுவீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை. அம்மா என்னை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் வாசல்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அப்படியே போயிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அப்பா அத்தனை மாதமாக விரும்பியதும் அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அப்பா எழுந்தார். "நில்லும்மா" என்றார். "பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னேன். அது நெஜம். ஆனா உங்க புள்ளய நாயின்னு இந்த ஊட்டுல ஒருத்தரும் ஒரு நாளும் பேசல." கடம்பத்தூர்க்காரர் பக்கம் திரும்பி, "அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு சொன்னாரு உங்க ஃபாதரு?" என்று கேட்டார்.

"விடாப்பிடியாங்க."

"அது சரியாத்தாம்மா சொல்லிக்கிது எம் பொண்ணு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் நம்பாத முகத்தோடு படியிலேயே நின்றார். அதனால் அப்பாவுக்கு அத்தாட்சி காட்டவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

"ஆடி மாசம் தண்டவாளத்துல வேலைன்னு ரயிலே உடல. அன்னிக்கும் வந்தான், பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி. நாஷ்டாகூட துன்னாம வந்துகிறான், மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிது. ஒரு வாரம் நான் கதவச் சாத்திக்கினு உள்ள பட்துனு இருந்தேன். தட்டக்கூட இல்ல. வெளிய வேப்ப மரத்துக்கிட்ட நின்னுட்டுப் போய்ட்டான். ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு ஷிப்டு போட்டாங்க. மில்லு கேட்டாண்ட வந்து நிக்கறான்மா! இன்னாடான்னா, ஊட்டுல நீங்க இல்லாதப்ப போவக்கூடாது, வந்தேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்றான். நான் மொகங்குடுத்து ஒரு வார்த்த பேசனதில்ல. அவன் ஒரு நாளு மொறச்சதில்ல, ஒரு நாளு கொரல ஒசத்தனதில்ல, குடிச்சிட்டு வந்ததில்ல. இந்தக் காலத்துல எவன் வருவான் இப்டி?"

எங்களுக்கு இதில் பாதி தெரியாது. மில் வாசலில் அவர் வந்து நின்ற கதையை அம்மாவே அப்போதுதான் கேட்டாள். அப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்த அம்மாள் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயும் அப்டித்தான் நைனா" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "இவங்க அப்பா போனதும் செங்கச் சூளைக்கு வாடான்னு இட்டுனு போவேன். வருவான். கொஞ்ச நேரம் போயி பாத்தா ஆளு இருக்க மாட்டான். பள்ளிக்கூடத்து வாசல்ல போயி நின்னுக்கினு இருப்பான். அடிச்சி இட்டாந்தா மறுநாளு மறுபடியும் அங்கதான். நான்தான் அலுத்துப் போயி உட்டுட்டேன்."

"பேஜாரு புடிச்ச ஆளு" என்றார் அப்பா.

"ஆமா நைனா" என்றார் அவர். இருவரும், ஒரே கடன்காரனிடம் மாட்டிக்கொண்டவர்களைப் போல, கடம்பத்தூர்க்காரரை ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தமுறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கினு ஏன் நைனா மாட்டேன்ற?" என்று கேட்டார்.

அப்பா, சாமி என்றார், சொந்தக்காரர்கள் என்றார். இரண்டையும் அவர் சொன்ன விதத்தில், முன்பிருந்த வலு இல்லை. அந்த அம்மாள் சிரித்தார். "எங்க மாமியா காலத்துல நாங்களும் கங்கம்மாவுக்குத்தான் கூழு ஊத்தனோம். இப்ப ஏசப்பா. ரெண்டு பேருமே எங்கள ஏன்னு ஒரு கேள்வி கேக்கல. ஊர்லகிறவங்கதான் கேக்கறாங்க."

அப்போது அத்தை சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மாவுக் கை. அதைத் துடைக்கக்கூட இல்லை. "நான் சாமிய மாத்திக்கப் போறதில்லண்ணா. மாத்திக்கச் சொல்லி அவரும் கேக்கல" என்றாள். "நீ சரின்ற வரைக்கும் நான் இப்டியேதான் இருப்பேன். கோச்சிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் காட்டாத."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வார்த்த இன்னாது?" என்றார்.

"டாகெட்லிப்பா."

"அது நம்ம ஊட்லயே ஒண்ணு கீதே" என்றார். அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிப்பதற்குப் பதிலாகக் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அந்த மாவுக் கை கதவில் ஐந்து விரலாகப் பதிந்தது.

அப்பா எழுந்துகொண்டே, "இறா கொழம்பு வெச்சிக்கிது. கை நனச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நனைக்கலாமா நைனா?" என்று கேட்டார். "நனைங்கம்மா" என்றார் அப்பா. நான் ஓடிப்போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றப் போனேன். பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்பதோ, கை நனைப்பது என்றால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்பதோ எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு கை கழுவலுக்கு இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

அன்று எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பழவேற்காட்டு இறால். அப்பா தனக்குப் போட வந்ததை அந்த அம்மாளுக்குப் போடச் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் கடம்பத்தூர்க்காரர் யாரையும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். வாசலில் அவர்களை வழியனுப்பும்போது அம்மா என் காதோடு, "இனிமே மாமான்னு கூப்டலாம்" என்றாள். நான் உடனே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மறுநாள் பிரேயரில் என் முறை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, டாகெட்லி என்றால் விடாப்பிடியாக என்று கணீரென்று சொன்னேன். பிறகு வாக்கியம். "மை மாமா கேம் டு அவர் ஹவுஸ் டாகெட்லி."

டீச்சர் புன்னகை செய்தார். அர்த்தம் சரிதான், ஆனால் வாக்கியம் பொருந்தவில்லை என்றார். "ரொம்பக் கஷ்டமான ஒரு காரியத்தை, மனசு தளராம விடாம செஞ்சாத்தாம்மா இந்தச் சொல்லைப் போடணும். உங்க மாமா உங்க வீட்டுக்கு வர்றதுல என்ன கஷ்டம் இருக்கு? வேற ஏதாவது யோசிச்சுச் சொல்லு."

நான் யோசித்தேன். டீச்சர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உலைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம். அதனால், "மை ஃபாதர் ஒர்க்ஸ் டாகெட்லி" என்று மாற்றிச் சொன்னேன். டீச்சர் வெரி குட் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் திருப்தியோடு வரிசைக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் கூட்டமே இருக்காது, ஜன்னலோரமாக இடம் கிடைக்கும். வந்தால் அம்மா டீ கொடுப்பாள், நாற்காலி போடுவாள். அப்பா ஆகாது என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். அதில் என்ன பெரிய கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.